சின்ன லேப்டாப்பில் இரண்டு விரல், மூன்று விரல் சைகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலத்தில் ஒரு சின்ன கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், லேப்டாப் சர்வீஸ் எல்லாம் ஒரே அறைக்குள். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்கள் இந்தப் பக்கத்தில் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன்கள் கழித்துவிட்ட பத்து அங்குல நெட்புக்குகளும் அப்படித்தான். யாராவது புது லேப்டாப்பில் மூன்று விரலைத் தள்ளி எல்லா ஜன்னலையும் விரித்துக் காட்டிவிட்டால் போதும், மறுநாள் பரணிலிருந்து ஒன்று இறங்கி என் மேஜைக்கு வந்துவிடும். வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன்.

சைகைன்னா என்னண்ணே? டச்பேட்ல விரலை வச்சு நகர்த்துறதுதானே?

ஒரு விரலால் நகர்த்துவது வெறும் கர்சர் வேலை. இரண்டு விரலை மேலும் கீழும் இழுத்தால் பக்கம் நகர்வது, இரண்டு விரலைக் கூட்டி விரித்தால் படம் சிறிதாகிப் பெரிதாவது, மூன்று விரலை மேலே தள்ளினால் திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் தெரிவது, இவற்றைத்தான் சைகை என்கிறோம். தட்டுவதும் இதில் சேரும். பொதுவாக ஒரு விரல் தட்டு இடது கிளிக், இரண்டு விரல் தட்டு வலது கிளிக். மூன்று விரல் தட்டு பல கணினிகளில் நடு கிளிக்காக இருக்கும். உலாவியில் ஒரு இணைப்பின் மேல் நடு கிளிக் செய்தால் அது புது டேபில் திறக்கும்.

இரண்டு விரல் ஸ்க்ரோல் ஒன்றும் புதிதல்ல. 2005-லேயே ஆப்பிளின் பவர்புக்கில் வந்துவிட்டது. 2008-ல் வந்த ஏசூஸ் ஈ-பிசி 900 என்ற குட்டி நெட்புக்கிலும் இருந்தது. அதனால் ‘பழைய லேப்டாப், இதில் எங்கே வரப்போகிறது’ என்று பார்க்காமலே முடிவு கட்ட வேண்டாம்.

அப்போ என்னோடதுல ஏன் ஒத்தை விரல் மட்டும் வேலை செய்யுது?

பத்தில் ஏழெட்டுப் பேருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: டிரைவர் (டச்பேடோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) இல்லை. பழைய லேப்டாப்களின் டச்பேட், தன்னை யாரும் சரியாக விசாரிக்காதவரை ஒரு சாதாரண மவுஸ் போலவே நடந்துகொள்ளும். ‘இவ்வளவு நகர்ந்தேன், இந்தப் பட்டனை அழுத்தினார்கள்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. எத்தனை விரல், எந்த இடம், எவ்வளவு அழுத்தம் என்ற தகவல்களை அதற்கென்று உள்ள டிரைவர் கேட்டால்தான் வெளியே விடும். யாரோ விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டிருப்பார்கள், டச்பேட் டிரைவரை விட்டிருப்பார்கள். கர்சர் நகர்வதால் குறை இருப்பதே தெரியாது.

விண்டோஸில் கருவிகளையெல்லாம் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மவுஸ் பகுதியைப் பாருங்கள். ‘பிஎஸ்/2 கம்பேட்டிபிள் மவுஸ்’ (பிஎஸ்/2 என்பது பழைய மவுஸ் இணைப்பு முறை) என்று மட்டும் இருந்தால் அநேகமாக டிரைவர் இல்லை என்று பொருள். சினாப்டிக்ஸ், எலான், ஆல்ப்ஸ் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் டிரைவர் இருக்கிறது. அடுத்த கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

டிரைவர் எங்கே எடுக்கிறது? கூகுள்ல தேடினா நூறு வருது.

அந்த நூறில் தொண்ணூறைத் தொடவே வேண்டாம். லேப்டாப்பைத் திருப்பிப் போட்டால் அடியில் மாடல் எண் இருக்கும். அந்த கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு டச்பேட் டிரைவரை எடுங்கள். சினாப்டிக்ஸ் போன்றவர்கள் டச்பேட் பலகையைச் செய்து கொடுப்பவர்கள். ஒவ்வொரு லேப்டாப் கம்பெனியும் அதைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும். அதனால் கம்பெனித் தளத்து டிரைவர்தான் பாதுகாப்பு. ‘எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தில் புதுப்பிக்கிறோம்’ என்று வரும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். கடை தொடங்கிய புதிதில் ஒரு தம்பியின் லேப்டாப்பில் எலான் பலகைக்கு வேறு மாடலின் டிரைவரைப் போட்டுவிட்டேன். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி எழுந்தபோது கர்சரே இல்லை. கடையில் இருந்த ஒரே மவுஸ் அன்றைக்கு வீட்டில். டேப், அம்புக்குறி, எண்டர் என்று விசைப்பலகையாலேயே தட்டித் தடவி டிரைவரைக் கழற்ற முக்கால் மணி நேரம் ஆனது. அந்தப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். டிரைவர் மாற்றும்போது ஒரு யுஎஸ்பி மவுஸை முதலிலேயே செருகி வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிலைக்கே திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றும் விண்டோஸில் போட்டு வையுங்கள்.

டிரைவர் போட்டாச்சு. ரெண்டு விரல் வருது, மூணு விரல் வரமாட்டேங்குதே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலகைக்கு எண்ணத் தெரிந்த விரல்களுக்கு மேல் எந்த மென்பொருளாலும் எண்ண முடியாது.

ஒரு சதுர வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை நடவு, பயிர் ஆளை மறைக்கும் உயரம். உள்ளே இரண்டு பேர் எங்கோ நிற்கிறார்கள். வடக்கு வரப்பில் ஒருவன் நடந்து பார்த்து, ‘மூன்றாம் வரிசையிலும் ஒன்பதாம் வரிசையிலும் ஆள் தெரிகிறது’ என்கிறான். மேற்கு வரப்பில் நடந்தவன், ‘ஐந்திலும் பன்னிரண்டிலும்’ என்கிறான். இப்போது ஆட்கள் எங்கே நிற்கிறார்கள்? வரிசைகள் வெட்டிக்கொள்ளும் இடம் நான்கு. ஆள் இரண்டு பேர்தான். எந்த மூலைக்கு எந்த மூலை என்று இரண்டு வரப்புக்காரர்களாலும் சொல்ல முடியாது. பழைய டச்பேட் பலவற்றின் கதை இதுதான். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கோடுகள் ஓடுகின்றன. விரல் பட்டால் அந்தக் கோட்டின் மின்தேக்கம் மாறும். குறுக்குக் கோடுகளைத் தனியாகவும் நெடுக்குக் கோடுகளைத் தனியாகவும் அளப்பதால், இரண்டு விரலையும் சுற்றி ஒரு பெட்டி போட்டு, ‘இதற்குள் இருக்கிறார்கள்’ என்று மட்டும் பலகை சொல்லும். பெட்டி பெரிதாகிறதா சிறிதாகிறதா என்பது தெரியும், அதனால் கூட்டி விரிப்பது ஓரளவு நடக்கும். விரலைச் சுழற்றிப் படத்தைத் திருப்பப் பார்த்தால் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று அது குழம்பிவிடும்.

இன்னும் பழையவை, ஒரே ஒரு இடத்தையும் ‘இரண்டு விரல்’ அல்லது ‘மூன்று விரல்’ என்ற எண்ணிக்கையையும் மட்டும் தரும். ஸ்க்ரோலுக்கு அதுவே தாராளம். ‘இரண்டு’ என்று சொல்லிக்கொண்டு அந்த இடம் கீழே இறங்கினால் பக்கத்தை நகர்த்து, அவ்வளவுதான். புதிய பலகைகளோ கோடுகள் வெட்டும் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக அளக்கின்றன. வரப்பில் நின்று பார்க்காமல் வயலுக்குள் இறங்கிக் குத்துக் குத்தாகக் கணக்கெடுப்பது போல. அதனால்தான் அவற்றில் நான்கைந்து விரலும் குழப்பமில்லாமல் தெரிகின்றன.

என்னோடது எத்தனை விரல் எண்ணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸில் டிவைசஸ், அதில் டச்பேட். மேலேயே ‘உங்கள் கணினியில் பிரிசிஷன் டச்பேட் உள்ளது’ என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தால் கவலையே இல்லை, அடுத்த கேள்விக்குப் போங்கள். இல்லாவிட்டால் கண்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதியைத் திறந்து, கடைசியில் சினாப்டிக்ஸ் அல்லது எலான் பெயரில் உள்ள தாவலைப் பாருங்கள். மூன்று விரல் வரி அங்கே இல்லையென்றால், அந்த டிரைவரின் கணக்கில் உங்கள் பலகைக்கு மூன்று தெரியாது.

டிரைவர் சொல்வதையும் முழுக்க நம்ப வேண்டியதில்லை. நான் கடையில் செய்வது வேறு. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸை ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து லேப்டாப்பை எழுப்பி, உள்ளே எதையும் நிறுவாமல், லிப்இன்புட் அல்லது ஈவிடெஸ்ட் என்ற சோதனைக் கருவியை ஓட்டினால் பலகை தரும் தகவல் வரிவரியாக ஓடும். மூன்று விரலை வைத்ததும் ‘டிரிபிள் டேப்’ என்ற சொல் வந்தால் மூன்று எண்ணத் தெரியும். ‘செமி எம்டி’ என்று குறிப்பு வந்தால் அது மேலே சொன்ன வரப்புக்காரர் ஜாதி. ஐந்து நிமிட வேலை. இதைப் பார்க்காமல் எதையும் நிறுவ நான் சம்மதிப்பதில்லை.

விண்டோஸ்ல பிரிசிஷன் டச்பேட்னு சொல்றீங்களே, அது என்ன? அதை நாம போட்டுக்க முடியுமா?

2013-ல் விண்டோஸ் 8.1 உடன் வந்த ஏற்பாடு. அதற்கு முன் சைகைகளை ஒவ்வொரு கம்பெனி டிரைவரும் தன் பாணியில் புரிந்துகொண்டது. பிரிசிஷனில் பலகை விரல்களின் இடத்தை மட்டும் சொல்லும், சைகை எது என்பதை விண்டோஸே முடிவு செய்யும். விண்டோஸ் 10-ல் மூன்று விரல் மேலே தள்ளினால் எல்லா ஜன்னல்களும், கீழே இழுத்தால் டெஸ்க்டாப், பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த ஜன்னல், நான்கு விரல் பக்கவாட்டில் என்றால் அடுத்த டெஸ்க்டாப். எல்லாம் அதன் வேலை.

பிரிசிஷன் இல்லாமல் விற்ற சில லேப்டாப்களில் டிரைவரை மாற்றிப் போட்டு அதைக் கொண்டுவர முடிகிறது. பலகையின் உள்ளிணைப்பு அதற்கு ஒத்துழைக்க வேண்டும். பழைய பிஎஸ்/2 இணைப்பு மட்டும் உள்ள நெட்புக்கில் முயலாதீர்கள். நான் மவுஸ் இல்லாமல் தட்டித் தடவிய முக்கால் மணி நேரம் உங்களுக்கும் வரும். அந்த மாதிரி இயந்திரத்தில் சினாப்டிக்ஸ் பலகை இருந்தால், ‘டூ ஃபிங்கர் ஸ்க்ரோல்’ என்றே பெயருள்ள குட்டி இலவச நிரல் ஒன்று உண்டு. டிரைவர் மறைத்து வைத்த எண்ணிக்கையை எடுத்து ஸ்க்ரோலாக மாற்றும்.

லினக்ஸ் போட்டா எல்லாம் வந்துடும்னு காலேஜ் பையன் சொன்னான். நிஜமா?

பாதி நிஜம். இரண்டு விரல் ஸ்க்ரோலும் தட்டலும் பெரும்பாலும் எதுவும் செய்யாமலே வரும். மூன்று விரல் சைகை நீங்கள் எந்த டெஸ்க்டாப் (ஜன்னல், மெனு எல்லாம் காட்டும் திரை அமைப்பு; லினக்ஸில் இது பல வகை) போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2021-ல் வந்த க்னோம் 40 முதல் மூன்று விரல் சைகைகள் உள்ளேயே இருக்கின்றன, ஆனால் லினக்ஸ் திரையில் படம் காட்டும் புதிய முறையான வேலண்டில் நுழைந்தால்தான். லினக்ஸ் மின்ட் 21.2-ன் சினமன் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸுக்குள்ளேயே சைகைகளுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஓடுவது டச்எக் என்ற நிரல். எக்ஸ்எஃப்சிஇ போன்ற லேசான டெஸ்க்டாப்பில் டச்எக்கை நாமே நிறுவிக்கொள்ளலாம். ஒரு ஜிபி ரேம் உள்ள நெட்புக்குக்கு நான் சொல்வது இந்த வழிதான். க்னோமை அதில் ஏற்றினால் சைகை வரும், மற்றதெல்லாம் நின்றுவிடும்.

இன்னொன்று. 2008 வாக்கில் வந்த நெட்புக்குகளில் பெரும்பாலும் இன்டெல் ஆட்டம் என்270 என்ற சிப். அது 32 பிட் மென்பொருளை மட்டும் ஓட்டும். இன்றைய உபுண்டுவும் மின்ட்டின் முதன்மைப் பதிப்பும் அதில் ஏறாது. டெபியன் 12 என்ற லினக்ஸ், அதன் மேல் கட்டிய மின்ட் பதிப்பான எல்எம்டிஈ 6 இரண்டிலும் 32 பிட் பதிப்பு உண்டு. 2025-ல் வந்த டெபியன் 13-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

பேடே தீப்பெட்டி சைஸ்தான் இருக்கு. மூணு விரல் எங்கண்ணே வைக்கிறது?

நியாயமான கேள்வி. விரல்களை நேராக அடுக்காமல், ஆள்காட்டி விரல் சற்றுக் கீழேயும் மோதிர விரல் மேலேயுமாகச் சாய்த்து வையுங்கள், இடம் கிடைக்கும். விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பழைய பலகை இரண்டை ஒன்றாக எண்ணிவிடும், நூலளவு இடைவெளி விடுங்கள். சைகையை நடுவில் தொடங்காமல் ஓரத்தில் தொடங்கினால் தள்ளுவதற்கு நீளம் மிஞ்சும்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் ஒற்றை விரல் ஓர ஸ்க்ரோல் போதும். வலது ஓரத்தில் ஒரு விரலை மேலும் கீழும் ஓட்டுவது. சினாப்டிக்ஸில் ஓரத்தில் தொடங்கி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் பக்கம் நிற்காமல் ஓடும் வசதியும் உண்டு. மாவாட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு அக்கா சிரித்தார், இப்போது அவர் அதை விடுவதில்லை. சில பழைய லினக்ஸ் அமைப்புகளில் விரல் பட்ட அகலத்தை வைத்து, அகலமாகப் பட்டால் இரண்டு விரல் என்று எண்ணச் சொல்லவும் முடியும். கட்டை விரல் பருமனானவர்கள் அதைப் போட்டுக்கொண்டு அவதிப்பட்டதையும் பார்த்திருக்கிறேன்.

கீழே இழுத்தா பக்கம் மேலே போகுது. ரிப்பேரா?

இல்லை. 2011-ல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் திசையை மாற்றி வைத்தது, போனில் காகிதத்தைத் தள்ளுவது போல. மற்றவர்களும் அதை ஒரு விருப்பமாகக் கொடுத்திருக்கிறார்கள். டச்பேட் செட்டிங்ஸில் ஸ்க்ரோல் திசை என்று இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ்ல டைப் அடிக்கும்போது கர்சர் எங்கேயோ ஓடிப்போய் எழுத்து நடுவுல விழுது.

சின்ன லேப்டாப்பில் உள்ளங்கை வைக்க வேறு இடமில்லை, பேட் மேல்தான் விழும். ‘தட்டச்சு செய்யும்போது டச்பேடை நிறுத்து’ என்ற அமைப்பு விண்டோஸ் டிரைவரிலும் லினக்ஸிலும் உண்டு, அதைப் போடுங்கள். அதுவும் போதாவிட்டால் தட்டினால் கிளிக் ஆவதை மட்டும் நிறுத்திவிட்டு, பட்டனை அழுத்திப் பழகுங்கள். தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் மணிக்கட்டைத் தூக்கி வைக்கச் சொல்லி அடித்துப் பழக்கியவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை.

சார்ஜர் போட்டா மட்டும் கர்சர் நடுங்குது, ரெண்டு விரல் வச்சா ஜூம் ஆகுது. கழட்டினா சரியாயிடுது.

சைகை டிரைவரைக் குறை சொல்லாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். விரலின் மிகச் சிறிய மின்மாற்றத்தை அளப்பதுதான் பலகையின் வேலை. எர்த் இல்லாத சார்ஜரின் இரைச்சல் அதோடு கலந்தால் இல்லாத விரல் இருப்பதாக எண்ணிவிடும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் திணித்திருப்பார்கள், அல்லது வீட்டில் எர்த் கம்பி எப்போதோ அறுந்திருக்கும். நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் இது சகஜம். உலோக உடல் கொண்ட லேப்டாப்பில் கை வைத்தால் மெல்ல ‘சுர்’ என்றிருந்தால் உறுதியாக அதுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டச்பேடுக்காக மட்டும் சொல்லவில்லை.

அசல் இல்லாத மலிவு சார்ஜரும் இதே வேலையைச் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் கையோடு தொட்டாலும், நெல் அரவை மில்லில் உமித்தூள் படிந்த பேடிலும் கர்சர் தாவும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

லேப்டாப்பை மூடித் திறந்தா சைகை போயிடுது. ரீஸ்டார்ட் பண்ணா வருது. என்ன கதை இது?

தூக்கத்திலிருந்து எழும்போது பலகை பழையபடி மவுஸ் வேஷத்துக்குத் திரும்பிவிடுகிறது (இரண்டாவது கேள்வியில் சொன்ன வேஷம்). டிரைவர் மறுபடி விசாரிக்கத் தவறுகிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் டச்பேடை நிறுத்தி மறுபடி இயக்கினால் வந்துவிடும். நிரந்தரத் தீர்வுக்குப் புதிய டிரைவரோ, பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை நிரல்) மேம்படுத்தலோ தேவைப்படலாம். லினக்ஸில் டச்பேட் டிரைவரான பிஎஸ்மவுஸ் என்ற மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றினால் சரியாகும். எழும் ஒவ்வொரு முறையும் அது தானாக நடக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டுக் கொடுக்கிறேன்.

இதே மாட்யூலில் இன்னொரு ரகசியம். சில சினாப்டிக்ஸ் பலகைகளுக்கு உள்ளே இரண்டு வழி இணைப்பு இருக்கும்: பழைய பிஎஸ்/2 ஒன்று, எஸ்எம்பஸ் என்ற வேகமான வழி இன்னொன்று. ‘சினாப்டிக்ஸ் இன்டர்டச்’ என்ற அமைப்பை 1 என்று வைத்தால் லினக்ஸ் இரண்டாவது வழியில் பேச முயலும். இரண்டு விரலோடு நின்ற லேப்டாப் மூன்று, நான்கு என்று எண்ண ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் பேட் செத்தே போய்விடும், ரீஸ்டார்ட் செய்தால் திரும்பும். மவுஸை செருகிக்கொண்டு முயலுங்கள்.

பேசாம புது டச்பேட் வாங்கி மாட்டிடலாமா?

அதே மாடலுக்கான உதிரி கிடைத்தால் பழுதுக்கு மாற்றலாம். நல்ல பலகை வேண்டும் என்று வேறு மாடலுடையதை மாட்ட முடியாது. ரிப்பன் கேபிள், இணைப்பு முறை, உடலில் உள்ள ஓட்டையின் அளவு எதுவுமே பொருந்தாது. வெளியே வைக்கும் தனி டச்பேட் ஒரு வழி. ஆப்பிள் 2010-ல் கொண்டுவந்த மேஜிக் டிராக்பேடை லினக்ஸ் நன்றாகவே புரிந்துகொள்ளும், புளூடூத் இருந்தால் போதும். செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. ஆனால் நெட்புக்கின் விலையை விட அது கூட வந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேட் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது, அழுத்தினா கிளிக் ஆகமாட்டேங்குது. செட்டிங்ஸ் பாருங்கண்ணே.

செட்டிங்ஸ் இல்லை. உடனே சார்ஜரைக் கழற்றி லேப்டாப்பை அணையுங்கள். மெல்லிய லேப்டாப்களில் பேட்டரி பேடுக்கு அடியில் இருக்கும், அது உப்பினால் பேடை மேலே தள்ளும். அழுத்திச் சமன்படுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் போனிலேயே பதில் சொல்லிவிடுவது வழக்கம்.

மூணு விரலுக்கு நாமளே ஒரு வேலை கொடுக்க முடியுமா?

முடியும். விண்டோஸ் 10-ல் 2017 முதல் பிரிசிஷன் பலகைகளுக்கு மூன்று, நான்கு விரல் சைகை ஒவ்வொன்றுக்கும் நாம் விரும்பும் விசைக்கூட்டை வைக்கலாம். லினக்ஸில் டச்எக் அதையே செய்யும், நிரலை ஓட்டவும் செய்யும்.

இங்கே பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஒரு தங்கை, நெட்புக்கில் சிட்டாவை ஒரு ஜன்னலிலும் விண்ணப்பத்தை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்ப்பார். சர்வே எண்ணை ஆங்கிலத்தில், பெயரைத் தமிழில் அடிக்க வேண்டும். மூன்று விரல் பக்கவாட்டில் தள்ளினால் ஜன்னல் மாறவும், மூன்று விரல் கீழே இழுத்தால் விசைப்பலகை தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறவும் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தார். இரண்டாவதை எடுத்துவிடச் சொன்னார். அவசரத்தில் விரல் சாய்ந்து கீழே இழுத்துவிடுகிறதாம், சர்வே எண்ணெல்லாம் தமிழில் விழுகிறதாம். நான்கு விரலுக்கு மாற்றலாம் என்றால் பேடில் இடமில்லை. கடைசியில் மூன்று விரல் தட்டுக்கு மாற்றினோம். அதில் நடு கிளிக் போய்விட்டது, ஆனால் அவர் அதை எப்போதும் தொட்டதே இல்லை.